தாழும் இமையும் தள்ளாடும் பார்வையும்: இமை அறுவைக்கு முன்னும் பின்னும்

(கண் இமை அறுவைச் சிகிச்சை குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கின் விளக்கங்கள், வாசகர்களுக்காகக் கட்டுரை வடிவில்)

சுங்கை பட்டாணி பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒரு காட்சி தெரியும். பேருந்தின் முகப்பில் உள்ள ஊர்ப் பெயரைப் படிக்க, வயதான சிலர் தலையைப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கி, நெற்றியைச் சுருக்கிப் பார்ப்பார்கள். இன்னும் சிலர் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். வீட்டில் ஊசியில் நூல் கோக்கும்போதும் அதே கதைதான். மாலையானால் நெற்றி வலிக்கிறது என்று தைலம் தேய்ப்பார்கள். "வயசாயிடுச்சு, கண்ணாடியை மாத்தணும்" என்று வீட்டில் உள்ளவர்களும் முடிவுகட்டி விடுவார்கள்.

கண்ணாடியை மாற்றியும் பலருக்குப் பயன் இருப்பதில்லை. காரணம், கோளாறு கண்ணுக்குள் இல்லை. கண்ணின் கதவாகிய மேல் இமை தளர்ந்து பார்வையை மறைக்கிறது. அந்தக் கதவைச் சரிசெய்யும் அறுவைக்கு மருத்துவ மொழியில் 'பிளெஃபரோபிளாஸ்டி' என்று பெயர். சினிமா நடிகைகள் செய்துகொள்ளும் அழகுச் சிகிச்சை என்று நம்மில் பலர் நினைக்கும் அதே அறுவைதான், முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு பெரியவருக்குப் பார்வையைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யப்படுகிறது.

அழகுக்காகச் செய்தாலும் அவசியத்துக்காகச் செய்தாலும், கத்தி வைக்கப்படும் இடம் கண்ணுக்கு ஒரு நூல் தள்ளித்தான். ஆகவே, அறுவைக்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் பேசுவதும், அறுவைக்குப் பின் முதல் இரவைக் கவனமாகக் கடப்பதும் எல்லாவற்றையும் விட முக்கியம்.

இமை எப்படி வேலை செய்கிறது?

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். அதன் தடிமன் ஒரு மில்லி மீட்டரைக்கூடத் தொடாது. அதற்குக் கீழே கண்ணை மூடும் தசை, இமையைத் தூக்கும் தசை, கண்ணைச் சுற்றி மெத்தை போல் இருக்கும் கொழுப்பு என்று அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலும் கண்ணீரைக் கண்மணியின் மேல் பூசி, காயாமல் காக்கிறது.

வயது ஏற ஏற இந்தத் தோல் இழுவைத் தன்மையை இழக்கிறது. வெயில் அதை விரைவுபடுத்துகிறது. தோட்டத்து வெளியிலும் நெல் வயலிலும் கட்டுமானத் தளத்திலும் காலம் கழித்தவர்களுக்குக் கண்ணைச் சுற்றிய தோல் முன்கூட்டியே தளர்வதில் வியப்பில்லை. மேல் இமையில் தோல் மடிந்து தொங்கும். கீழ் இமையில் கொழுப்பு முன்னுக்குத் தள்ளிப் பை போல் தெரியும்.

இமை அறுவை நேற்று வந்த நாகரிகமும் அல்ல. இமை நோய்களுக்கான அறுவை முறைகள் சுசுருத சம்ஹிதையிலேயே பேசப்படுகின்றன. சிதைந்த இமையைச் சீரமைக்கும் அறுவைக்கு 'பிளெஃபரோபிளாஸ்டி' என்ற பெயரை 1818-இல் வழங்கியவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஃபொன் கிராஃபே. இமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவையை 1896-இல் ஜப்பானிய மருத்துவர் மிக்காமோ எழுதி வைத்தார். நம் நாட்டு நகரங்களில் 'இரட்டை இமை' என்று விளம்பரம் செய்யப்படுவது இந்த இரண்டாவது வகைதான். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் இயற்கையிலேயே அந்த மடிப்பு இருப்பதால் அது நமக்குத் தேவைப்படுவது குறைவு. நமக்கு வரும் பிரச்சினை தளர்ந்த தோலும் கண்ணுக்குக் கீழ் விழும் பையும்தான்.

எல்லாத் தாழ்வும் ஒன்றல்ல

இமை தாழ்ந்தவுடன் 'தோலை வெட்டிவிட்டால் சரி' என்று எண்ணிவிடக் கூடாது. ஏன் தாழ்ந்தது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

தோல் மட்டும் மிகுதியாகித் தொங்குவது ஒரு வகை. இமையைத் தூக்கும் தசை பலவீனமாகி இமையே கீழிறங்குவது இன்னொரு வகை. இதை மருத்துவர்கள் 'டோசிஸ்' என்பார்கள். இதற்குத் தோலை வெட்டிப் பயனில்லை, தசையை இறுக்க வேண்டும். புருவம் இறங்கி இமையை அழுத்துவதும் உண்டு.

நோயின் அறிகுறியாகவும் இமை தாழலாம். காலையில் நன்றாக இருந்து, மாலை ஆக ஆக இமை இறங்கி, உருவம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், அது 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்னும் தசை பலவீன நோயாக இருக்கலாம். காலையில் இமைகள் வீங்கி, காலும் வீங்கினால், சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். கண் பிதுங்கி, இமை மேலே இழுத்துக்கொண்டால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். மூக்கை ஒட்டிய இமை ஓரத்தில் மஞ்சள் திட்டுகள் இருந்தால் இரத்தத்தில் கொழுப்பின் அளவைப் பார்த்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று உண்டு. ஒரு பக்க இமை திடீரென்று விழுந்து, கடும் தலைவலியோ இரட்டைப் பார்வையோ சேர்ந்து, அந்தக் கண்ணின் கருமணி பெரிதாகத் தெரிந்தால், மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் ஆபத்து இருக்கலாம். இதற்குக் கிளினிக்கில் எண் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அழகா, அவசியமா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு சோதனை இருக்கிறது. பக்கப் பார்வையும் மேல் பார்வையும் எவ்வளவு தெரிகிறது என்று கருவி மூலம் அளப்பார்கள். பிறகு இமையை ஒட்டுத்தாளால் தூக்கிக் கட்டி மறுபடியும் அளப்பார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், இமை பார்வையை மறைக்கிறது என்று பொருள். அப்போது அது அவசியத்துக்கான அறுவை.

பார்வை மறைகிறது என்று ஐயம் உள்ளவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அருகில் உள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக். அங்கே கொடுக்கும் பரிந்துரைக் கடிதத்துடன் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை அல்லது அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். காத்திருக்கும் காலம் நீளலாம். ஆனாலும் செலவு குறைவு, சோதனையும் முறையாக நடக்கும்.

தோற்றத்துக்காக மட்டும் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். முழுச் செலவும் கைக்காசுதான். மருத்துவக் காப்புறுதி பொதுவாக அழகுச் சிகிச்சைக்குப் பணம் தராது. அப்படி விரும்புவதில் தவறும் இல்லை. "பேரன் பேத்தி எடுத்த வயசிலே எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்பது நம் வீடுகளில் சாதாரணம். அந்தக் கேள்விக்குப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் ரகசியமாகப் போய்ச் செய்துகொள்வதுதான் ஆபத்து. அறுவைக்குப் பின் துணைக்கு ஆள் இல்லாமல் போய்விடும்.

கத்தியைப் பிடிப்பவர் யார்?

மலேசியாவில் மருத்துவர்கள் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ், மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சுகாதார அமைச்சு 2013-இல் அழகுசார் மருத்துவச் சேவைக்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதன்படி இமை அறுவை போல உடலை அறுத்துச் செய்யும் சிகிச்சைகள், அதற்கான அறுவைப் பயிற்சி பெற்ற நிபுணர்களுக்கு உரியவை. முக ஒப்பனைக் கடையிலும், தங்கும் விடுதி அறையிலும், வீட்டு வரவேற்பறையிலும் செய்யக்கூடியவை அல்ல. பதிவில்லாமல் தனியார் கிளினிக் நடத்தினால், 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் தனிநபருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம், போன பார்வையை அபராதத்தால் திருப்பித் தர முடியாது என்பதுதான்.

ஆகவே, கேட்க வெட்கப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். டாக்டர் கண் நிபுணரா அல்லது பிளாஸ்டிக் அறுவை நிபுணரா? அவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா? நள்ளிரவில் சிக்கல் வந்தால் யாரை அழைப்பது? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

மலிவு என்று புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை தாண்டிப் போய்ச் செய்துகொள்ள நினைப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். தையல் பிரிக்கவும் பின்பார்வைக்கும் மறுபடி யார் அழைத்துப் போவது? வீடு திரும்பும் வழியில் இரத்தம் கசிந்தால் எந்த மருத்துவமனை? இதற்கெல்லாம் விடை தெரிந்த பிறகுதான் விலையை ஒப்பிட வேண்டும்.

முன்னேற்பாடு: மறைக்காமல் சொல்லுங்கள்

நம்மவர்கள் மருத்துவரிடம் மறைக்கும் விஷயங்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் மறைப்பவை அல்ல. "இது மருந்தா என்ன, சும்மா சாப்பிடுறதுதானே" என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலாவது, இரத்தத்தை இளக்கும் மருந்துகள். இருதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இவற்றால் அறுவையின்போதும் அதற்குப் பிறகும் இரத்தக் கசிவு கூடும். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். எந்த மருந்தை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, அல்லது நிறுத்தாமலே செய்வதா என்பதை இருதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கடையில் வாங்கும் சத்து மாத்திரைகள். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, வைட்டமின் ஈ, ஜின்கோ, ஜின்செங் ஆகியவையும் கசிவைக் கூட்டக்கூடும். பொதுவாக இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் சாப்பிடும் வலி மாத்திரைகளும் இதில் சேரும். நாட்டு மருந்து, ஜாமு எதுவானாலும் பொட்டலத்தோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

மூன்றாவது, இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய மூவரில் ஒருவர். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆற நாளாகும், கிருமி தொற்றவும் வழியாகும். இரத்தக் கொதிப்பும் அப்படியே. அறுவை மேசையில் கொதிப்பு ஏறினால் இரத்தம் நிற்காது.

நான்காவது, கண்ணின் நிலை. கண் அழுத்த நோய், கண் வறட்சி, முன்பு செய்த கண் அறுவை எதையும் விடாமல் சொல்லுங்கள். கண் வறண்டிருப்பவருக்கு இமைத் தோலை அதிகம் எடுத்துவிட்டால், தூங்கும்போது கண் முழுதாக மூடாமல், கண்மணி காய்ந்து புண்ணாகிவிடும்.

ஐந்தாவது, புகையும் மதுவும். புகைப்பதைக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே விட்டால் காயம் நன்றாக ஆறும். அறுவைக்கு முந்தைய நாட்களில் மதுவைத் தொடக் கூடாது.

நாள் குறிப்பதிலும் யோசனை தேவை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவரோ, மகள் திருமணத்தை வைத்திருப்பவரோ, குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விட்டு நாள் குறிப்பது நல்லது. வேலைக்குப் போகிறவர்கள் விடுமுறை பற்றி முதலாளியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பாலிங், சிக் போன்ற உட்பகுதிகளில் இருப்பவர்கள் முதல் இரவு மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். காடி ஓட்டத் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

அறுவை நாளன்று

முகத்தில் மை, பவுடர், எண்ணெய் எதுவும் இல்லாமல், தலைக்குக் குளித்துவிட்டுப் போக வேண்டும். தலை வழியாகக் கழற்றும் சட்டை வேண்டாம், முன்பக்கம் பித்தான் வைத்த சட்டை வசதி. மேல் இமை அறுவை பெரும்பாலும் இமையை மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். எவ்வளவு தோல் எடுப்பது என்று முதலில் உட்கார வைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள். புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் இடையே சுமார் 20 மில்லி மீட்டர் தோல் மிஞ்ச வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் பழைய கணக்கு. வெட்டு இமையின் இயற்கை மடிப்பிலேயே விழுவதால் தழும்பு மறைந்துவிடும். கீழ் இமைப் பையை இமையின் உட்பக்கத்திலிருந்தும் எடுக்கலாம், இமைமுடிக்குக் கீழே வெட்டியும் எடுக்கலாம். வெளியில் வெட்டும்போது தோலை அதிகம் எடுத்தால் இமை வெளிப்பக்கம் பிதுங்கிவிடும். ஆகவே, 'இன்னும் கொஞ்சம் எடுங்க டாக்டர்' என்று கேட்காதீர்கள்.

முதல் இரவு

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து தேங்குவது இந்த அறுவையில் மிக அரிது; ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒருவருக்கு நேரலாம். நேர்ந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நேரும். தேங்கிய இரத்தம் பார்வை நரம்பை நெருக்கினால், ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

எனவே, அன்று இரவு துணைக்கு இருப்பவர் இவற்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு கண்ணில் வலி கூடிக்கொண்டே போகிறதா? ஒரு பக்கம் மட்டும் இமை கல் போல் இறுகி வீங்குகிறதா? கண் வெளியே தள்ளுகிறதா? பார்வை மங்குகிறதா, இரண்டிரண்டாகத் தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவர் கொடுத்த எண்ணை அழையுங்கள். பதில் இல்லாவிட்டால் 999-ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். படுக்கப் போகும் முன், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரில் உள்ள நாள்காட்டியின் எண் தெரிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

ஆறும் நாட்கள்

முதல் இரண்டு நாள்: சுத்தமான துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம், பத்துப் பதினைந்து நிமிடம், இடைவெளி விட்டு. ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. மரத்துப்போன இமைக்குச் சுடுவதும் குளிர்வதும் தெரியாது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தி, மல்லாந்து படுக்க வேண்டும்.

முதல் வாரம்: இமை வீங்கும், கருநீலம் கட்டும், கண் கலங்கும், பார்வை கொஞ்சம் மங்கலாக இருக்கும். களிம்பு போடுவதால் வரும் மங்கல் துடைத்தால் விலகும். துடைத்தும் விலகாத மங்கலை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தையல் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாளில் பிரிக்கப்படும். குனிந்து கோலம் போடுவது, அரிசி மூட்டை தூக்குவது, பேரப்பிள்ளையை இடுப்பில் வைப்பது எல்லாம் வேண்டாம். மலச்சிக்கலில் முக்குவதும் இருமுவதும்கூட இமைக்கு இரத்தத்தை ஏற்றும். தண்ணீரும் பழமும் நிறையச் சாப்பிடுங்கள்.

இரண்டாம் வாரம்: கருநீலம் மஞ்சளாகி மறையத் தொடங்கும். கண் மை, ஒட்டு வில்லை, நீச்சல் ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும் வரை தள்ளிப்போட வேண்டும். அலுவலக வேலைக்குப் பலரும் இந்த வாரத்தில் திரும்பிவிடலாம். தோட்ட வேலைக்கு அவசரப்படக் கூடாது. செம்பனைக் குலை வெட்டும்போது மேலிருந்து தூசி விழும். பால் உறைய வைக்கும் அமிலத்தின் நெடியும் அமோனியாவும் கண்ணை எரிக்கும். நெல் அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் காலத்துப் புகையும் அப்படித்தான். கறுப்புக் கண்ணாடியும் அகன்ற தொப்பியும் பல வாரங்களுக்குத் துணை இருக்கட்டும். நம் நிறத் தோலில் வெயில் பட்டால் தழும்பு கறுத்து நிலைத்துவிடும்.

அதற்குப் பிறகு: கடைசி வீக்கம் வடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இரு கண்ணும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. இரண்டாம் வாரத்திலேயே கண்ணாடி முன் நின்று 'ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது' என்று கலங்க வேண்டாம்.

பலரும் கேட்கும் சில கேள்விகள்

பத்தியம் உண்டா? முட்டை, மீன், கோழி சாப்பிட்டால் புண் சீழ்ப்பிடிக்கும் என்பது பாட்டி காலத்து நம்பிக்கை. காயம் ஆறப் புரதம் தேவை. ஒவ்வாமை இல்லாதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். குறைக்க வேண்டியது உப்பைத்தான். கருவாடும் ஊறுகாயும் மேகி மீயும் வீக்கத்தைக் கூட்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு விடலாமா? கூடாது. தையல் உள்ள இடத்தில் சுத்திகரிக்கப்படாத எதுவும் கிருமியைக் கொண்டுவரும். விபூதியையும் நெற்றியில் சிறிதாக வைத்து, கண்ணில் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண் மூடவே முடியவில்லையே? முதல் சில நாள் வீக்கத்தால் அப்படி இருக்கலாம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் இரவுக் களிம்பும் கொடுப்பார்கள். வாரங்கள் கழிந்தும் நீடித்தால் மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும்.

எத்தனை வருடம் தாங்கும்? மேல் இமையில் பல ஆண்டுகள். ஆனாலும் தோல் மூப்படைவதை எந்த அறுவையும் நிறுத்தாது.

கண்ணைச் சுற்றிய கருவளையமும் போய்விடுமா? பை போகலாம், நிறம் போகாது. கண் ஓரச் சுருக்கமும் புருவத் தொய்வும்கூட இமை அறுவையால் மாறுவதில்லை. எதிர்பார்ப்பை முதலிலேயே டாக்டரிடம் சொல்லி, எது நடக்கும், எது நடக்காது என்று கேட்டுக்கொண்டால் பின்னால் மனவருத்தம் இருக்காது.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ இனிப்பு நீர், கொதிப்பு மருந்து எடுக்கக் கிளினிக்குக் கூட்டிப் போகும்போது, அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள். முகவாயைத் தூக்குகிறார்களா? நெற்றியைச் சுருக்கித்தான் கண்ணைத் திறக்கிறார்களா? மாடிப்படியின் மேல் விளிம்பில் தலை இடிக்கிறதா? இருந்தால், இமையையும் ஒரு முறை பார்த்துச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள். பழைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றையும் காட்டுங்கள். இமை எப்போதிலிருந்து தாழ்ந்தது என்று தெரிய அது உதவும். அறுவை தேவையா இல்லையா என்பதை நிபுணர் சொல்லட்டும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை எழுதி எடுத்துப் போவதும், முதல் இரவு பக்கத்தில் விழித்திருப்பதும் பிள்ளைகளின் பொறுப்பு.